ஆரனின் துப்பாக்கிக்கு ஒரு நல்ல விசை

"மான் எதிர்லயே நின்னுச்சு. வெடிக்கல."

ஆரன் ட்வைட் தன் வேட்டைத் துப்பாக்கியைக் கடை மேசைமேல் கிடத்தினார். துப்பாக்கி பழுதுபார்க்கும் லைல், விசையை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் கனம்தான். வேற ட்ரிகர் போட்டுடலாம். எப்படி வேணும்?"

"பூ மாதிரி."

அமெரிக்காவின் மொன்டானா மலைகளில் வேட்டைக்காலம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஊரில் எல்லார் வீட்டு ஃப்ரீசரிலும் எல்க் மான் இறைச்சி. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆரன் வீட்டில் மட்டும் பட்டாணி. "இந்தக் குளிருக்கும் பட்டாணி சூப்புதானா மாப்ள?" என்று மனைவி மார்லிஸின் அண்ணன் டீன், தேவாலய வாசலில் நாலு பேர் காதுபடக் கேட்டிருந்தார்.

லைல் இருப்பதிலேயே இலகுவான விசையை மாட்டினார். "தும்மினாக்கூட வெடிச்சிடும். பாத்துக்க."

தும்மல்கூடத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை வண்டியருகே நின்று தோட்டாவை ஏற்றித் துப்பாக்கியின் தாழை மூடினார், அவ்வளவுதான். தோட்டா அவருடைய வண்டியின் ரேடியேட்டரைத் துளைத்து எஞ்சினில் போய்த் தங்கியது.

டீன் வந்து வண்டியைச் சங்கிலி கட்டி இழுத்துப்போனார். "பரவால்ல மாப்ள, ஒண்ணையாவது சாய்ச்சுட்ட. தோலை எப்ப உரிக்கலாம்?"

அடுத்து லைல் போட்டது இரண்டு கட்ட விசை. "முதல்ல லேசா வரும். ஒரு இடத்துல தடுக்கும். அங்க நிறுத்தி, குறி பாத்துட்டு அழுத்தணும்."

கடையில் அந்தத் தடுப்பு நன்றாகவே தெரிந்தது. பனியில், கம்பளிக் கையுறைக்குள் மரத்துப்போன விரலுக்குத் தெரியவில்லை. ஒரு மரக்கட்டையைக் குறிபார்த்துப் பழகும்போது, குறி சேருமுன்பே வெடித்துவிட்டது. பண்ணைக்காரர் ஹாங்கின் மாட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"நீ நல்ல மனுஷன்தான் ஆரன்," என்றார் ஹாங்க். "ஆனா இனிமே என் வேலியைத் தாண்டாத."

வேட்டைக்கு மிச்சமிருந்தது மலையின் உச்சி முகடு மட்டும். வண்டியும் இல்லை. "என் வண்டில நான் கொண்டுபோய் விடுறேன்," என்றாள் மார்லிஸ்.

சனிக்கிழமை லைல் அலமாரியையே காலி செய்தார். ஒவ்வொரு விசையாக மாட்டிக் கொடுக்க, ஆரன் கண்ணை மூடிக்கொண்டு வெற்றுத் துப்பாக்கியை இழுத்துப் பார்த்தார். ஒன்று மணலில் தேய்ந்தது. ஒன்று ரப்பராய் இழுபட்டது. பிறகு ஒன்று, ஏரிமேல் உறைந்த முதல் பனித்தகடு முறிவதுபோல், 'டிக்'.

ஆரன் கண்ணைத் திறந்தார். குரல் தானாகவே தாழ்ந்தது. "இதுதான்."

குறிப்பலகையில் சுட்டுப் பார்த்தார்கள். அத்தனை தோட்டாக்களும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன.

ஞாயிறு விடியலில் மார்லிஸ் தொலைநோக்கியோடு பாறைமேல் உட்கார, ஆரன் முகட்டில் ஏறி நின்றார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அதிலிருந்து முதலில் கொம்புகள் வந்தன, இலையுதிர்த்த மரமொன்று நடந்து வருவதுபோல. அப்புறம்தான் மான். அதன் முதுகில் பனி உருகாமல் கிடந்தது. மூச்சு விட்டபோது வெயில் அந்த ஆவியில் பொன்னாகத் தொங்கியது. கல்லெறி தூரத்தில் நின்று, தலையைத் திருப்பி, அது ஆரனைப் பார்த்தது. உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

பிறகு, அவசரமே இல்லாமல், முகட்டைத் தாண்டிப் போய்விட்டது.

திங்கட்கிழமை துப்பாக்கி மறுபடியும் லைலின் மேசைமேல் கிடந்தது.

"இதுவும் வெடிக்கலையா?" என்றார் லைல்.

"இதுவும் வெடிக்கல," என்றார் ஆரன், தரையைப் பார்த்துக்கொண்டே.

லைல் விசையைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். டிக், டிக், டிக். "ஒரு குறையும் இல்லையே. வேற ஒண்ணு வரவழைக்கட்டுமா?"

கதவோரம் கையுறையை மாட்டிக்கொண்டிருந்த மார்லிஸ் சொன்னாள்:

"ட்ரிகரை விடுங்க லைல். அந்த மான் வந்ததும் இவரு துப்பாக்கியைக் கீழ வச்சுட்டு, தொப்பியைக் கழட்டி நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னாரு."