பத்தாவது தடவை

'தவறு' என்று ஏழாவது தடவையாகச் சொன்னது திரை.

"இன்னும் மூணு சான்ஸ்தான் இருக்கு" என்றார் பூட்டு. நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்புறம்?" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

"அப்புறம் அதுவே எல்லாத்தையும் அழிச்சிடும். திருடன் கையில சிக்கக் கூடாதுல்ல? நானே எழுதின புரோகிராம்."

பூட்டு என்பது, எதையும் பூட்டியே வைக்கும் லினக்ஸ் பைத்தியமான அவருக்கு நண்பர்கள் வைத்த பெயர். போன மாதம், விண்டோஸ் உளவு பார்க்கிறது என்று சொல்லி மனைவியின் லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்து லினக்ஸ் ஏற்றினார் மனுஷன். அவள் வரைந்த கட்டட வரைபடங்களைத் தன் லேப்டாப்புக்கு மாற்றிப் பூட்டியும் வைத்தார். இன்று பதினொரு மணிக்கு அந்த வரைபடங்களோடு அவள் இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். குழந்தை பிறந்து ஐந்து வருஷம் கழித்து வந்த முதல் அழைப்பு. மணி பத்தே கால்.

"நெட்ல ஒரு காப்பி போட்டு வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"அடுத்தவன் கம்ப்யூட்டர்லயா? நம்ம வீட்டு ரகசியத்த ஊருக்கே சொல்லச் சொல்றியா?"

"பாஸ்வேர்ட எங்கயும் எழுதி வைக்கலையா?"

"எழுதினேன். மனப்பாடம் ஆனதும் எரிச்சுட்டேன்."

"அடக் கடவுளே! இன்னொரு டிஸ்க் வெச்சிருந்தீங்களே?"

"அதுக்கும் இதே பாஸ்வேர்டுதான்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"யானை வரும். எத்தனை யானைன்னுதான் தெரியல. தினமும் விரல் தானா ஓடும், நீ பின்னாடி நிக்கவும் மக்கர் பண்ணுது."

"முணுமுணுக்காம அடிங்க. கவனம் சிதறுது பாருங்க."

வாயை இறுக மூடிக்கொண்டு அடித்தார். எட்டாவது தவறு.

கீபோர்டில்தான் கோளாறு என்று பரணிலிருந்து பழைய கீபோர்டை எடுத்து வந்து மாட்டினார். ஒரே தூசி. துணியால் ஒரு துடை துடைத்தார். என்டர் விழுந்தது. ஒன்பது போச்சு.

"தொடாதீங்க!" என்று அலறிவிட்டு, மூச்சு முட்டியவளாய் மேஜையோரத்து ஜன்னலைப் படாரென்று திறந்தாள் மனைவி.

எதிர் ஜன்னலில் தையல் மெஷின் நின்றது. டெய்லர் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா சத்தம்?"

"பாஸ்வேர்ட மறந்துட்டாருக்கா! என் வேலையே போச்சு!"

"எது, அந்த ஏழு யானையா? ஏழு யானை, நொண்டி ஒட்டகம், ஈரத் துண்டு, கடைசியில ரெண்டு ஆச்சரியக்குறி."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தார் பூட்டு. திறந்தது. மனைவி லேப்டாப்பை அள்ளிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

முகம் வெளுத்துப்போய் ஜன்னலுக்கு வந்தார் பூட்டு. "அக்கா... இது உங்களுக்கு எப்படி?"

"தினமும் காலையில சத்தமா சொல்லிக்கிட்டேதானே தம்பி அடிக்கிறீங்க? மறக்கவே மறக்காதுன்னு எங்க மாடியில நாலு வீட்டு வைஃபைக்கும் அதையேதான் வெச்சிருக்கோம்!"