மூடி நானா கழற்றிய புரொசஸர்

கற்பிட்டியிலிருந்து மதுரங்குளி வரை தேடினாலும், மூடி நானாவைப் போல மூடிகளுக்குப் பகையான மனிதர் கிடைக்கமாட்டார். (எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம்.) புது ஃபேன் வாங்கினால் சுழலவிடும் முன்பே திறந்து பார்ப்பார். கல்யாண வீட்டில் சஹன் என்னும் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் பிஸ்மி சொல்லிக் குந்தினால், இவர் மட்டும் மூடியைத் தூக்கிப் பிடித்து ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நானாவுக்குத் தொழில் கம்பியூட்டர் திருத்துவது. எனக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது. என் கம்பியூட்டரோ, மாப்பிள்ளை மேடையேறும் முன்பே தொண்ணூற்றெட்டு பாகை சூடேறி அணைந்துவிடும். ஏற்கெனவே இரண்டு வீட்டாருக்குச் சொன்ன நாளில் கொடுக்கவில்லை. மூன்றாவதும் பிந்தினால் ஊரில் ஒருவரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள். கொழும்புக் கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

நானா ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சிப்புல பிழையில்ல தம்பி. அதுக்கும் மேல ஈக்கிற தகட்டு மூடிக்கும் நடுவுல பூசின பசை காஞ்சி போச்சி. மூடியக் கழட்டணும்."

"ஒடஞ்சிடாதா நானா?"

"ஒடயலாம்," என்றார், மழை பெய்யலாம் என்பதுபோல.

பக்கத்தில் அந்தோனி அண்ணன் படகு எஞ்சின் திருத்துகிறார். அவருடைய பெரிய வைஸ் இடுக்கியில், எண்ணெய்ப் பிசுக்கை உடுத்திருந்த சாரன் நுனியால் துடைத்துவிட்டு, சிப்பும் மூடியும் சேர்ந்த பிஸ்கட் அளவு புரொசஸரை வைத்தார் நானா. பிஸ்மி சொல்லிப் பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். 'டக்' என்றது. என் பிழைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். மூடி மட்டும் நழுவி வந்திருந்தது.

காய்ந்த பசையைப் பழைய ஃபோன் ரீலோட் கார்ட்டால் சுரண்டினார். சிப்பின் ஓரத்துப் பொடிப் பொடிப் பாகங்களுக்குக் காப்பாக மகளின் ரோஸ் நிற நகப்பூச்சு. பழைய பசைக்குப் பதிலாகச் சிப்பின்மேல் திரவ உலோகம் ஒரு துளி. மூடியை மறுபடி ஒட்டியது அந்தோனி அண்ணனின் எஞ்சின் பசை.

கம்பியூட்டரில் பூட்டி ஓடவிட்டால், எழுபத்திரண்டு பாகை! நானா அதோடு விடவில்லை. வேகத்தையும் கூட்டி ஓடவிட்டார். எண்பதைத் தாண்டவில்லை. பிறகு கொழும்புக் கடைக்காரருக்கு ஃபோன் எடுத்து, "எழுவத்திரெண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். என் நெஞ்சு இரண்டங்குலம் அகன்றது. இப்படி ஒரு கை கொழும்பில் எவருக்கு இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மூன்றாவது வீட்டாருக்கு வீடியோவைக் கொடுத்துவிட்டு, அந்தோனி அண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன்.

"உன்ர சிப்பு ரெண்டாவது," என்றார் அவர். "முதல்நாள் நானா தன்ர கடையில விக்க வச்சிருந்த புதுச் சிப்பக் கொண்டுவந்து கழட்டிப் பாத்தவர். அதே வகைதானாம். கூட இறுக்கினதில வெடிச்சிப் போச்சு. அதிலதான் எவ்வளவு திருகலாமெண்டு பிடிபட்டது."

நானா கடையில் என் பில்லைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். வெடித்த சிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"அது பழசு தம்பி," என்றார், தலை நிமிராமல்.

அது என்னுடையதைவிடப் புதுசு. பில்லில் அதற்கு ஒரு சதமும் இல்லை. எனக்குக் கூடப்பிறந்த நானா யாரும் இல்லை. இனி எவராவது கேட்டால், ஒருவர் இருக்கிறார் என்றுதான் சொல்வேன்.