கப்ளிங் சார் கல்யாணம் ஏரலில் நடந்த விதம்

தாங்கள் என்ன வேலை பார்க்கிறோம் என்பதை மறைத்துத் திரிந்தவர்கள் தூத்துக்குடியில் பலர் உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கியும் கடைசிவரை ஒருவருக்கும் பிடிபடாமல் போனவர் கப்ளிங் சார் ஒருவர்தான்.

துறைமுகச் சாலையில் என் சரக்கு கிளியரிங் ஆபீசுக்கு மேலே, எனக்குச் சொந்தமான அறையில் வாடகைக்கு இருந்தார். எந்நேரமும் கம்ப்யூட்டர்தான். என்ன வேலை என்று கேட்டேன்.

"அணு உலைக்குள்ள நியூட்ரான் எப்படி ஓடுதுன்னு ஒரு புரோகிராம் கணக்குப் போடும் அண்ணாச்சி. தண்ணி எப்படி ஓடுது, எவ்வளவு சூடாகுதுன்னு இன்னொரு புரோகிராம். தண்ணி சூடானா நியூட்ரான் கணக்கு மாறிரும். அது மாறினா தண்ணிச் சூடு மாறிரும். ரெண்டையும் கப்ளிங் பண்ணி, அதாவது இணைச்சு, ஒத்துப்போக வைக்கணும். அதான் நம்ம வேலை."

எனக்குப் புரிந்தது கப்ளிங் மட்டும். அதை நாலு பேரிடம் சொன்னேன். மறுநாளே ஒரு டிரெய்லர் டிரைவர், லாரியோடு டிரெய்லரை மாட்டும் கப்ளிங் உடைந்துபோக, அதைச் சுமந்துகொண்டு மாடியேறிவிட்டார். சார் அவரையும் உட்காரவைத்து நியூட்ரானிலிருந்து ஆரம்பித்தார்.

கீழே வந்த டிரைவர், "பட்டறை எங்கன இருக்குன்னு கேட்டேன் அண்ணாச்சி. தண்ணி சுடுதுன்னு சொல்லுதாரு" என்றார்.

நாசரேத்தில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். சாருக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாப்பிள்ளையின் வேலை பற்றிய விளக்கத்தைக் கேட்டுவிட்டு, காபி ஆறுகிறது என்று மட்டும் சொன்னார். கணக்கு டீச்சரான கிரேஸ்தான் வாய் திறந்தாள்.

"ரெண்டும் ஒத்துப்போகவே இல்லைன்னா?"

சாருக்குச் சந்தோஷத்தில் முகம் சிவந்துவிட்டது. அதுவரை அவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

"ஒரேயடியா புது விடைக்குத் தாவக்கூடாது. பழசுல பாதி, புதுசுல பாதின்னு எடுத்துக்கணும். இல்லைன்னா ரெண்டும் ஆடிக்கிட்டே இருக்கும்."

கிரேஸ் சம்மதித்தாள். பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

கல்யாணம் நாசரேத்தில்தான் என்றார் பெண்ணின் அப்பா. தூத்துக்குடியில்தான் என்றார் சாரின் அம்மா. இருவரும் பிடிவாதமாக நின்றார்கள்; பிறகு ஒரே நாளில் இருவருக்கும் மனம் இளகியது. பெண்ணின் அப்பா தூத்துக்குடியில் மண்டபம் பிடித்தார். சாரின் அம்மா நாசரேத்தில் பிடித்தார். விஷயம் தெரிந்ததும், மற்றவர் பிடித்த மண்டபத்துக்கு மரியாதை கொடுத்து இருவரும் பழையபடி மாறிக்கொண்டார்கள். மறுபடியும் எதிரெதிர் ஊர். நடுவில் போன் பேசிய நான் எந்த ஊருக்காகப் பேசுகிறேன் என்பது எனக்கே மறந்துவிட்டது.

"விளையாடுதாங்களா? இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று தலைமையாசிரியர் போனை வைத்துவிட்டார்.

சார் என் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தார். அன்று அவர் எதையும் விளக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அவருக்குக் கிரேஸிடமிருந்து போன் வந்தது.

"நீங்க சொன்னதுதானே. பாதி பாதி போட்டுப் பாருங்க. அப்பாகிட்ட நான் பேசுதேன்."

சார் மேப்பைத் திறந்து, இரண்டு ஊருக்கும் நடுவில் விரலை வைத்தார். ஏரல். கிரேஸ் பேசியதில் தலைமையாசிரியரும் இறங்கி வந்தார்.

ஏரலில் இரு வீட்டாருக்கும் ஒரு சொந்தக்காரர்கூடக் கிடையாது. விருந்தாளிகளில் பாதிப் பேர் முதலில் நாசரேத்துக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் தூத்துக்குடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் தலைமையாசிரியர் என் காதில் கேட்டார்.

"நாம எதுக்கு அண்ணாச்சி ஏரலுக்கு வந்தோம்?"

"தெரியல சார். ஆனா பிள்ளைங்க சிரிச்சிக்கிட்டு நிக்காங்க."

அவர்கள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள். மேல் அறையைக் கேட்டு யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.