தலையாட்டும் பாடம்

"புரிந்ததா?" என்று கேட்டது சுவரில் மாட்டியிருந்த இயந்திரம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தலையை மேலும் கீழும் ஆட்டினார்கள். பல்கேரியாவில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம்; பக்கவாட்டில் ஆட்டினால்தான் 'ஆமாம்'. வெளிநாட்டில் செய்த இயந்திரத்துக்கோ மேலும் கீழும் ஆட்டுவதுதான் 'ஆமாம்'. சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குத் தாவியது.

மீசைக்காரக் கணினி ஆசிரியர் யாவோர், தலைமை ஆசிரியை ஸ்னெஷானாவிடம் ஓடினார்.

"மேடம், அது ரோபோ பாடம் வரைக்கும் போயிடுச்சு. பசங்களுக்கு இன்னும் மவுஸைப் பிடிக்கவே தெரியல."

"இது புது யுகக் கல்வி, யாவோர். புரோகிராம் எழுதறதெல்லாம் இயந்திரம் பாத்துக்கும். பசங்க தலையாட்டினா போதும்."

"அந்தத் தலையத்தான் மாத்தி ஆட்டுறாங்க."

"அப்ப ஆட்டக் கத்துக்குடுங்க. பருவ முடிவுல அதுதான் மார்க் போடும். வகுப்பு தேறலைன்னா உங்க வேலை போயிடும்."

அமைச்சகத்துப் பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசிக் கண்டுபிடித்த கல்வி இதுதான். மறுநாளிலிருந்து கணினி வகுப்பில் தலையாட்டும் பயிற்சி நடந்தது. யாவோர் முன்னால் நின்று, வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி கழுத்து வலிக்க ஆட்டிக் காட்டினார். கீபோர்டுகளில் தூசி படிந்தது.

ஒரு தாய் சண்டைக்கு வந்தாள்.

"சூப் வேணுமாடான்னு கேட்டா மேலயும் கீழயும் ஆட்டுறான். வேணாம் போலன்னு எடுத்துட்டுப் போயிட்டேன். பட்டினியாத் தூங்கினான். இதுக்குப் பேரு கம்ப்யூட்டர் பாடமா சார்?"

புகார் இயந்திரக் கம்பெனிக்குப் போனது. அவர்கள் இயந்திரத்துக்குப் பல்கேரிய வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். பழகிவிட்ட பிள்ளைகள் மேலும் கீழும் ஆட்ட, 'புரியவில்லையா, சரி' என்று அது முதல் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தியது. இது திரை. இது கீபோர்டு.

"ஐயோ, பழையபடி ஆட்டுங்கடா" என்று யாவோர் இயந்திரத்தின் முன்னால் பாய்ந்து, பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார்.

"எந்தப் பழையபடி சார்? போன வாரத்துதா, எங்க அம்மாவோடதா?" என்றாள் ஒருத்தி. பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி. மீதி நேரம் சிரிப்பு.

பருவம் முடிந்தது. முடிவைச் சொல்ல அமைச்சகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பிள்ளைகள் மொத்தப் பேரும் ஃபெயில்.

யாவோர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என் வேலை போயிடுச்சு, அப்படித்தானே மேடம்?" என்று அந்த அம்மாளிடம் கேட்டார்.

"எந்த வேலை சார்? இந்த ரூம்ல வாத்தியார்னு யாரும் இருந்ததாவே இயந்திரம் சொல்லல, முன்னாடி நின்னு சரியாத் தலையாட்டின மீசைக்கார மாணவர் ஒருத்தர் மட்டும் ஏழாம் வகுப்புக்குப் பாஸாம்."