அந்தரத்தில் நின்ற பிரபு

மேனிலம் என்ற நாட்டில் மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்தது. தண்ணீர் மட்டும் கீழ்த்தெருவில் தேங்கியது. அரண்மனைக்கு வேறு வழி இல்லாததால், பிரபுக்கள் ஆட்களின் முதுகில் ஏறி அந்தத் தெருவைக் கடந்தார்கள். அப்படிச் சுமந்து பிழைத்தவர்களில் ஒருவன் ஒச்சன்.

அதே தெருவில் கல்லச்சுக்கூடம் வைத்திருந்தவள் தேனுகா. வழவழப்பான கல்லில் படம் வரைந்து, காகிதத்தில் அச்செடுத்து விற்பாள். ஒரு மழைக்காலத்தில் அவள் ஒச்சனை வரைந்தாள். இடுப்பளவு நீரில் கூனி நிற்கும் மெலிந்த மனிதன். அவன் முதுகில், மூக்கைப் பொத்தியபடி ஒரு தடித்த பிரபு. படம் சந்தைச் சுவரில் ஏறியதும் ஊரே சிரித்தது.

மகாமந்திரி நீலலோகிதர் நேரில் வந்துவிட்டார்.

“இந்தப் பிரபு யார்?”

“தெரியலைங்க. தினமும் வேற வேற ஆள் போறாங்க. கீழே நிக்கிறவர் மட்டும் ஒச்சண்ணன்.”

“கீழே நிற்பவனால்தான் படத்தின் கண்ணியம் கெடுகிறது. அவனை அகற்று.”

காவலர்கள் பார்த்திருக்க, தேனுகா கல்லிலிருந்து ஒச்சனைச் சுரண்டி எடுத்தாள். புதிய படத்தில் பிரபு தண்ணீருக்கு மேல், எதன் மீதும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது கூட்டம் இன்னும் பெருகியது. அந்தரத்தில் எப்படி நிற்கிறார் என்று எல்லோரும் கேட்டார்கள். அரசர் சுகுமாரரும் கேட்டார்.

அரசவையில் மந்திரி ஆணை வாசித்தார்: “மேனிலத்துப் பிரபுக்கள் தம் தகுதியாலேயே நீரைக் கடக்கிறார்கள். அவர்களைச் சுமப்பவர் எவரும் இல்லை. இல்லாதவர்களுக்குக் கூலி இல்லை. இல்லாதவர்கள் கீழிருந்து குரல் கொடுத்தால் சிறை.”

ஆணைக்குப் பிறகும் பிரபுக்கள் முதுகில்தான் போனார்கள். முதுகு தர மறுத்தவர்களைக் காவலர்கள் அடித்து இழுத்து வந்தார்கள்.

“உன் படத்துக்கு முன்னாடி கூலியாவது கிடைச்சுது, தங்கச்சி,” என்றான் ஒச்சன். “வீட்டுல பொண்ணு காய்ச்சல்ல கெடக்குறா. மருந்துக்கு வழியில்லை. முதுகு வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லக்கூட முடியல.”

தேனுகாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அவள் எதுவும் வரையவில்லை.

அரசருக்கோ ஆர்வம் அடங்கவில்லை. தகுதியால் நீரைக் கடப்பதைக் கண்ணால் பார்க்க, அடுத்த மழையில் பல்லக்கு ஏறி அவரே கீழ்த்தெருவுக்கு வந்தார். பல்லக்கு நீருக்குள் இறங்கி நடுத்தெருவில் நின்றது. எதிரே மந்திரி, ஒச்சனின் முதுகில் வந்துகொண்டிருந்தார்.

“மந்திரியாரே, உமக்குக் கீழே யாரோ இருப்பதுபோல் தெரிகிறதே?”

“எனக்குக் கீழேயா? யாருமில்லை, அரசே.”

ஒச்சன் ஒரு கணம் நின்றான். பிறகு, ஆணையை மதிக்கும் குடிமகனாக, சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டான்.

மந்திரி தலைகுப்புற விழுந்தார். சேறு வழியும் முகத்தோடு எழுந்து, “தண்ணீரும் இல்லை, அரசே!” என்று முழங்கினார்.

தெரு சிரித்தது. தேனுகாவும் சிரித்தாள். அரசர் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த மந்திரியையே வெகுநேரம் பார்த்தவர், மெல்லத் தம் பல்லக்கின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கீழே குனிந்து கேட்டார்:

“அங்கே... யாராவது இருக்கிறீர்களா?”

பல்லக்கைச் சுமந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொல்லச் சட்டம் இடம் தரவில்லை.