கிண்ணத்தில் போன புத்தகங்கள்

குஜந்த்,
பிப்ரவரிக் கடைசி

என் கண்ணின் ஒளியும் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரியுமான மகள் நிகோராவுக்கு உன் தந்தை ஹிக்மத்துல்லா எழுதிக்கொள்வது. உனக்கும் மருமகன் மரூஃபுக்கும் என் சலாம். கஸானில் கடுங்குளிர் என்று வானொலியில் கேட்டேன். தலையை மூடாமல் வெளியே போகவேண்டாம். ஹீட்டரின் மேல் துணி காயப்போடவேண்டாம். இங்கே இறைவன் அருளால் நான் நலம். இரத்த அழுத்தமும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது.

நிற்க. உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் தனியாக இருப்பது சரியல்ல, ஆகவே வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்கிறாய். அலமாரிப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாய். உன் காமிக்ஸ் ஏழு பாகங்களை மட்டும் ஒன்றும் குறையாமல், யார் கையும் படாமல், நவ்ரூஸ் பண்டிகைக்கு நீ வரும்போது ஒப்படைக்க வேண்டும் என்றும் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாய். வீட்டை விற்க ஒப்புக்கொள்கிறேன். புத்தகங்களைக் கொடுக்கவும் ஒப்புக்கொள்கிறேன், ஏற்கெனவே கொடுக்கவும் தொடங்கிவிட்டேன். காமிக்ஸ் விஷயத்தில்தான், என் கட்டுப்பாட்டை மீறிய சில நிகழ்ச்சிகள் நடந்துவிட்டன. அவற்றை முறைப்படி உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நம் அலமாரியின் ஒழுங்கு உனக்கு நினைவிருக்கும். மேல்தட்டில் என் தந்தையின் சமய நூல்கள், அதற்கடுத்து என் வரலாற்று நூல்கள், அடுத்து உன் அம்மாவின் பண்பாட்டு நூல்கள், தரையை ஒட்டி உன் காமிக்ஸ். இந்த நான்கு தட்டுக்காரர்களில் இன்று வீட்டில் இருப்பவன் இரண்டாம் தட்டுக்காரன் மட்டுமே. அதனால் அலமாரியை ஒழுங்காக வைத்திருப்பது மிக எளிதாகிவிட்டது. யாரும் எதையும் எடுப்பதில்லை.

அடுத்த வீட்டு மஸ்தோனாவை நீ அறிவாய். மாடிப்படித் திருப்பத்தில் அவள் அடுக்கியிருந்த விறகை அகற்றும்படி, தீத்தடுப்பு ஆய்வாளன் என்ற முறையில் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவள் சலாம் சொல்வதில்லை. வாளியைச் சத்தமாக வைப்பாள். சண்டை என்னோடு மட்டும்தான். உன் அம்மா உயிரோடிருந்தவரை அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே கிண்ணங்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தன. நான் அதைக் கவனித்ததில்லை. கிண்ணங்கள் தாமாகவே நிரம்பித் தாமாகவே திரும்பிப் போகும் என்று எண்ணியிருந்தேன் போலும்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒருநாள் கதவைத் திறந்தால் மஸ்தோனா நிற்கிறாள். கையில் நீலப் பூப்போட்ட கிண்ணம், அதில் ஆவி பறக்கும் ஆட்டுக்கறி சூப்.

“இந்தாங்க, ஹிக்மத் அண்ணே. உங்க சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து ஒரு வாசமும் வர்றதில்ல. உள்ள மனுஷன் இருக்காரா, இல்ல நோட்டீசு மட்டும்தான் இருக்கான்னு சந்தேகமாயிடுச்சு.”

சூப் நன்றாக இருந்தது. உப்புச் சற்றுக் கூடுதல். சிக்கல் கிண்ணத்தில் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது என்பது எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் என் பணிக்காலத்தில் எந்த அரசாணையும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டதை நான் கண்டதில்லை. எனக்கோ சமைக்கத் தெரியாது. முதலில் உலர்திராட்சை வைத்தேன், பிறகு கற்கண்டு வைத்தேன், பிறகு கடையில் ஒரு ரொட்டி வாங்கி வைத்தேன். மஸ்தோனா அந்த ரொட்டியை விரலால் தட்டிப் பார்த்தாள். “கடவுள் குடுத்த ரொட்டி, குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அண்ணே, இதக் கதவுக்கு அண்டக் குடுக்கலாம்” என்றாள். அடுத்த கிண்ணம் வந்தபோது வீட்டில் உண்ணத்தக்கதாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. புத்தகங்களைக் கொடுத்துவிடும்படி நீயும் தொலைபேசியில் சொல்லியிருந்தாய். ஆகவே கழுவித் துடைத்த கிண்ணத்தில், நம் நாட்டு அரச வம்சங்களின் வரலாறு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பிரச்சினைகளும் ஒரே நடவடிக்கையில் தீர்ந்தன என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த வீட்டில் புத்தகம் படிப்பார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. மஸ்தோனாவின் கணவன் ஷோத்மோன் மினிபஸ் ஓட்டுகிறவன். வண்டி நிரம்பும்வரை நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். அவன் சும்மா இருக்கவில்லை. முழுவதையும் படித்துவிட்டான். இரவல் வாங்கிய புத்தகத்தை வெறுங்கையோடு திருப்பித் தருவது மரியாதையாகாது என்று ஒரு கிண்ணம் புலாவும் கொண்டுவந்தான். “அண்ணே, எத்தனை ராஜா, எத்தனை வெட்டுக்குத்து. ஒருத்தனாச்சும் உக்காந்து ஒரு வாய் சாப்ட்டான்னு எழுதியிருக்கா? எனக்கென்னமோ எல்லாரும் பசியிலதான் அடிச்சிக்கிட்டாங்கன்னு தோணுது.” நிலைமையைக் கவனி. கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது என்பதால் நான் புத்தகம் வைக்கிறேன். புத்தகம் வெறுமனே திரும்பக் கூடாது என்பதால் அவர்கள் கிண்ணம் வைக்கிறார்கள். விதிப்படி பார்த்தால் இதற்கு முடிவே கிடையாது.

வரலாறு ஆபத்து என்று பண்பாட்டுக்கு மாறினேன். உன் அம்மாவின் தட்டிலிருந்து திருமணச் சடங்குகள் பற்றிய நூல் போயிற்று. புது மணப்பெண்ணுக்கு நாற்பது நாள் எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கிறதாம். தன்னை எட்டாம் நாளே மாவு பிசைய விட்டுவிட்டார்கள் என்று மஸ்தோனா மீதி நாட்களை இப்போது கேட்டு வாங்கிவிட்டாள். ஷோத்மோன் என்னை மாடிப்படியில் மறித்து, “ஏண்ணே, விறகுக்கு நோட்டீசு விட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப பாத்திரம் கழுவ வச்சிட்டீங்களே” என்றான். சமயத்தில் வம்பு வராது என்று மேல்தட்டுக்குப் போனேன். அந்த நூலைக் கிண்ணத்தில் கண்டதும் மஸ்தோனா பதறிப்போய் எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசலில் நிறுத்தி வைத்தே என்னை விசாரித்தாள். “நேத்து சூப்பு இருந்த கிண்ணத்துல இன்னிக்கு மார்க்கப் புத்தகமா? படிச்ச மனுஷன் செய்ற வேலையா அண்ணே இது? எண்ணெப்பிசுக்கு ஏதாச்சும் ஒட்டியிருந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?” இரண்டு தடவை கழுவினேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் புத்தகம் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, ஷோத்மோனின் தலைமேல் ஏறி, தனியாக ஒரு தட்டு ஹல்வாவுடன் திரும்பி வந்தது. இப்போது என்னிடம் கிண்ணத்தோடு தட்டும் சேர்ந்துவிட்டது.

இனித்தான் நீ கோபப்படாமல் படிக்கவேண்டிய பகுதி. ஜனவரியில் வழக்கம்போல மின்சாரத்தை அளந்து விடத் தொடங்கினார்கள். ஒருநாள் மாலை விளக்கு அணைந்த நேரத்தில் மஸ்தோனா வாசலில் நின்று தன் கிண்ணத்தைக் கேட்டாள். தீத்தடுப்பு விதிகளின்படி நான் புத்தக அலமாரி அருகே மெழுகுவர்த்தி கொண்டுபோவதில்லை. கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்துக் கொடுத்தேன். அது உன் காமிக்ஸின் முதல் பாகம் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதுவும் சுவர் வழியாகத் தெரிந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பரிசோதிப்பதற்காகக் காதை வைத்துப் பார்த்தேன். நெடுநேரம் பரிசோதிக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் ஓய்வூதிய அலுவலகம் போக மினிபஸ்ஸில் ஏறுகிறேன். ஷோத்மோன் பின்னால் திரும்பி, “எல்லாரும் கொஞ்சம் நகருங்கப்பா, பூதம் ஏறுது” என்கிறான். வண்டியே சிரிக்கிறது. இறங்கும்போது, “அடுப்ப ரெண்டு தடவ பாத்தியா, பூதமே?” என்கிறான். வீடு திரும்பியதும் நான் நேராகப் போய் மஸ்தோனாவிடம் விளக்கம் கேட்டேன்.

“என்னண்ணே, உங்க வீட்டுப் புத்தகம், நீங்க பாத்ததே இல்லியா?” என்று அவள் உள்ளே போய் அதை எடுத்துவந்து என் முன்னால் விரித்தாள். வில்லேந்திய ஒரு பெண் ஏழு மலை தாண்டிப் பூதத்தோடு போரிடும் கதை. பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பூதத்துக்கு நீ நீல மையால் மூக்குக்கண்ணாடி மாட்டி, மீசை வைத்து, மார்பில் தீயணைப்புத் துறைச் சின்னமும் குத்தியிருக்கிறாய். அது வாயைத் திறந்து நெருப்பைக் கக்கும் இடங்களில் அச்சடித்த வசனங்களை அடித்துவிட்டு உன் கையெழுத்தில் வேறு எழுதியிருக்கிறாய். “செருப்பை வரிசையாக வைத்தாயா?” “விளக்கை அணைத்தாயா?” “அடுப்பை இரண்டு தடவை பார்த்தாயா?” அந்தப் பெண்ணின் அம்பு தைக்கத் தைக்கப் பூதம் இவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்றும் நியாயமான கேள்விகள் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

“மூக்க மட்டும் உங்க பொண்ணு கொஞ்சம் கம்மி பண்ணிட்டா. அப்பான்னு பாசம்” என்றாள் மஸ்தோனா. பிறகு, “மீதி ஆறையும் குடுத்துடுங்கண்ணே. அந்தப் பொண்ண பூதம் விட்டுச்சா இல்லியான்னு யோசிச்சிக்கிட்டே எங்க வீட்டுக்காரரு நேத்து ஸ்டாப்ப தாண்டிப் போயிட்டாரு” என்றாள்.

கொடுப்பதற்கு முன் நானே படிப்பது முறை என்று தோன்றியது. நீ வீட்டில் இருந்த காலத்தில் நான் கடைசித் தட்டுக்குக் குனிந்ததே இல்லை. இப்போது முழங்காலிட்டு ஆறையும் எடுத்து, முதல் பாகத்தையும் மஸ்தோனாவிடமிருந்து வாங்கி வந்து, சமையல்கட்டில் உட்கார்ந்து ஏழு பாகங்களையும் வரிசையாகப் படித்தேன். ஏழு பாகத்திலும் நான்தான் பூதம். நாலாம் பாகத்தில் எனக்கு வால் முளைக்கிறது. ஏழாம் பாகத்தில் அந்தப் பெண் வென்று, தோழிகளோடு தன் ஊருக்குப் போய்விடுகிறாள். கடைசிக் கட்டத்தில் பூதம் மட்டும் குகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. வரைந்தவர் அதன் எதிரே எதையும் வரையவில்லை, வெறும் தரைதான். அந்தத் தரையில் நீ ஒரு கிண்ணம் வரைந்திருக்கிறாய். அதிலிருந்து ஆவி போகிறது. குகை வாசலுக்கு வெளியிலிருந்து யாரோ சொல்வதுபோல ஒரு வசனம்: “அடுப்பை அணைச்சிட்டேன் பூதமே. ரெண்டு தடவ பாத்துட்டேன். நீ சாப்பிடு. சுடும், ஊதிச் சாப்பிடு.” அடுப்பு அணைக்கப்பட்டது குறித்து உன்னிடமிருந்து எழுத்து மூலமான உறுதி எனக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை. அதன்பின் அந்தப் பக்கத்தைப் பலமுறை சரிபார்த்தேன்.

இவை எல்லாவற்றையும் சீர்தூக்கி, நேற்று ஒரு முடிவுக்கு வந்தேன். உன் விருப்பப்படி நான் கஸானுக்கு வருகிறேன். வீட்டுத் தரகர் வெள்ளிக்கிழமை வருகிறார். உன் காமிக்ஸ் ஏழும் கட்டிவைக்கப்பட்டுள்ளன. கிண்ணப் போக்குவரத்தையும் முறைப்படி நிறுத்திவிட்டேன். கிண்ணத்திலும் தட்டிலும் கற்கண்டை மட்டும் நிரப்பிக் கொண்டுபோய், “இதுதான் கடைசி, நான் ஊரைவிட்டுப் போகிறேன்” என்று தெரிவித்தேன். மஸ்தோனா வாங்கிக்கொண்டு, “சரிண்ணே” என்றாள். கேலிகூடச் செய்யவில்லை. இன்று சுவரின் ஈரத்தை மறுபடி பரிசோதித்தேன். சுவர் நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை.

உன் வீட்டில் வெளிச்சமும் உன் கையில் பரக்கத்தும் வளமும் குறையாதிருக்க இறைவனை இறைஞ்சுகிறேன். மருமகனுக்கு ஆயுளும் பொறுமையும் பெருகட்டும். தூங்கப்போகுமுன் அடுப்பைப் பார்.

இப்படிக்கு,
உன் அன்புத் தந்தை,
ஹிக்மத்துல்லா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மஸ்தோனா, நீலக் கிண்ணம், நிறைய மந்துக் கொழுக்கட்டை. கடைசி என்று நேற்றே சொன்னேனே என்றேன். “கடைசின்னு நீங்கதானே சொன்னீங்க, நான் சொன்னேனா? நீங்க கற்கண்டு வச்சு அனுப்புனீங்க. இப்ப எங்க முறை. முறைன்னா முறைதானே அண்ணே?” என்றாள். விதிப்படி அவள் வாதத்தில் குறை காண முடியவில்லை. இதனால் இப்போது என் முறை நிலுவையில் இருக்கிறது. நிலுவை வைத்துவிட்டு ஊரைவிட்டுப் போவது முறையல்ல என்பதால், வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதை மறுபடி எழுதத் தாள் இல்லை. வேண்டாததை நீயே அடித்துக்கொள். காமிக்ஸில் ஆறு பாகங்கள் கட்டவிழ்த்து அந்த வீட்டுக்குப் போகின்றன. ஏழாவதை யாருக்கும் தருவதாக இல்லை, உனக்கும் சேர்த்துத்தான். நவ்ரூஸுக்கு வரும்போது இங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். எட்டாம் பாகம் வந்திருந்தால் வாங்கி வா, ஷோத்மோன் கேட்கிறான். தாளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் மன்னிக்கவும். மந்து மிகவும் சூடாக இருக்கிறது. ஊதித்தான் சாப்பிடுகிறேன்.