தெற்கு நோக்கி நகர்ந்த காய்ச்சல்

எனக்கு வந்தால் அதற்குப் பெயர் அலைச்சல். அடுத்தவருக்கு வந்தால் காய்ச்சல். நாற்பது வயது வரை இந்த மருத்துவ அறிவோடுதான் வாழ்ந்தேன். அதில் கடைசிப் பத்து மாதங்கள், காய்ச்சலைக் கண்காணிப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழின் கடலூர் அலுவலகத்தில் நிருபராக இருந்தேன். மழைக்காலம் பிறந்ததும் ‘மர்மக் காய்ச்சல்’ என்று தலைப்பிட்டு ஒரு செய்தி எழுதுவேன். அந்தக் காய்ச்சலில் எந்த மர்மமும் இருந்ததில்லை. டாக்டரைக் கேட்டிருந்தால் பெயரைச் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டால் தலைப்பு போய்விடும். ஆகவே கேட்கமாட்டேன்.

பிறகு காய்ச்சல் கண்காணிப்புத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தினமும் காலையில் எல்லா நாளிதழ்களையும் படித்து, எங்காவது காய்ச்சல் பரவுவதாகச் செய்தி வந்திருக்கிறதா, அது உண்மையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டுகள் அந்தப் பொய்யை எழுதியவனைவிட இதற்குத் தகுதியானவன் மாவட்டத்தில் இல்லை. கிளம்பும்போது செய்தி ஆசிரியரிடம், “இனிமே நீங்கதான் என்னைப் பேட்டி எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதாவது, திரும்பிப் போக வேண்டிய கதவை நானே சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன்.

வேலையின் இன்னொரு பாதி, கணக்கெடுப்பு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சில சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காய்ச்சல், கூடவே இருமல், இரண்டும் ஆரம்பித்துப் பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். அப்படி வருகிறவர்களை எண்ணி வாரம் ஒருமுறை அனுப்ப வேண்டும். சிலருக்கு மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்த வைரஸ் ஊருக்குள் ஏறுகிறது, எது இறங்குகிறது என்பது இதில் தெரிந்துவிடும். நல்ல திட்டம். அதில் இருந்த ஒரே பழுது நான்.

நவம்பர் மாதம். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது மாவட்ட அதிகாரியின் ஒரு கையெழுத்தில் இருந்தது. அவர் ஒரு டாக்டர். நாங்கள் மேடம் என்போம். அதிகம் பேசமாட்டார், அதிகம் சிரிக்கவும் மாட்டார். அவரை அசத்தும்படி ஏதாவது செய்துவிட்டால் கையெழுத்து தானாக விழும் என்று கணக்குப் போட்டேன். (அதுவரை செய்த வேலையை வைத்து விழாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.)

அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்டை கமறியது. ராத்திரிக்குள் உடம்பு கொதித்தது. என் மனைவி செல்வி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

“காச்சலு அடிக்குது. நாளைக்கு லீவு போடுங்க.”

“காச்சலா? எனக்கா? அலைச்சல்.”

“ஞாயித்துக்கிழமை பூரா கட்டில்ல படுத்திருந்தீங்க. எங்க அலைஞ்சீங்க?”

ரெனியூவல் வருகிற மாதத்தில் விடுப்பு எடுத்தால் கோப்பில் கறை படியும் என்று அவளுக்கு விளக்கினேன். காலையில் ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டேன். சூடு இறங்கியது. இறங்கிவிட்டதால் காய்ச்சல் இல்லை என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். சுவரெங்கும் ‘காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வீட்டில் ஓய்வெடுக்கவும்’ என்ற நோட்டீஸை ஒட்டச் சொல்லி, அது கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் திட்டுகிறவனும் நானே.

திங்கள் முதுநகர்ப் பக்கம். செவ்வாய் புவனகிரிப் பக்கம். புதன் கீரப்பாளையம் பக்கம். வியாழன் சிதம்பரத்தை ஒட்டி. நான்கு நாள், நான்கு நிலையம். ஒவ்வொன்றிலும் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பிழை பார்த்தேன். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தேன். போட்டால் குரலில் அதிகாரம் வராது. பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டிப் பழகிய விரல், ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் நாக்கைத் தொட்டுவிட்டுத்தான் புரட்டுவேன். பேனாவையும் அவர்களிடமே வாங்கிக்கொள்வேன். பார்வையாளர் பதிவேட்டில் பெயர், தேதி, வந்த நேரம், போன நேரம் எல்லாம் அச்சு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, “எழுதினா இப்படி எழுதணும்” என்று காட்டிவிட்டுக் கிளம்புவேன்.

கீரப்பாளையம் பக்கத்து நிலையத்தில் ஃபரிதா என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ். நோயாளியின் தொல்லை என்ன என்ற கட்டத்தில் ஓர் இடத்தில் ‘உடம்பு அலுப்பு’ என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அடித்தேன்.

“அலுப்புன்னு மருத்துவத்துல ஒரு நோய் கிடையாதும்மா. காய்ச்சல் இருந்துச்சா, இல்லையா? இருமல் இருந்துச்சா, இல்லையா? நான் பத்திரிகையில இருந்தவன். எனக்குத் தகவல்தான் வேணும்.”

இதைச் சொல்லி முடித்துவிட்டு இருமினேன். ஃபரிதா நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.

“சார், உங்களுக்கு உடம்பு ஒண்ணும் இல்லியே?”

“தூசி. உங்க பதிவேட்டுல தூசி ஜாஸ்தி.”

அடுத்த திங்கட்கிழமை நிலையங்களிலிருந்து கணக்கு வந்தது. வெளிநோயாளிகள் எண்ணிக்கையில் புதிதாக எதுவுமில்லை. ஆனால் ஊழியர்களே படுத்திருந்தார்கள். முதுநகர்ப் பக்கம் மருந்தாளுநர். புவனகிரிப் பக்கம் இரண்டு நர்ஸ்கள். கீரப்பாளையம் பக்கம் ஃபரிதாவும் இன்னொருவரும். சிதம்பரத்தில் ஆய்வக உதவியாளர். எல்லோருக்கும் காய்ச்சல், இருமல். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு ஊராக, ஒரு நாள் இடைவெளியில், வடக்கிலிருந்து தெற்காக இறங்கியிருந்தது.

என் பத்திரிகை ரத்தம் கொதித்தது. (காய்ச்சல் அதற்குள் எனக்கு இறங்கியிருந்தது.)

மேப் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுச் சிவப்புப் புள்ளிகள் வைத்து, பக்கத்தில் தேதியும் எழுதினேன். கடலூரிலிருந்து சிதம்பரம்வரை ஒரு தடித்த அம்புக்குறி. தலைப்பு: ‘தெற்கு நோக்கி நகரும் தொற்று’. பிறகு துப்பறியும் வேலையில் இறங்கினேன். காற்றில் பரவியிருந்தால் ஊரில் எல்லோருக்கும் வந்திருக்க வேண்டும். இது நிலையங்களுக்குள் மட்டும் வந்திருக்கிறது. ஆக, யாரோ ஒருவன் ஒவ்வொரு நிலையமாகப் போயிருக்கிறான். ஊழியர்கள் அறைக்குள் போகும் உரிமை உள்ளவன். பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பேசுகிறவன். தினம் ஓர் ஊர் வீதம் நகர்ந்திருப்பதால் பஸ்ஸில் போகிறவன். மருந்து கம்பெனிப் பிரதிநிதியாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

நான்கு நிலையங்களுக்கும் போன் போட்டு, “போன வாரம் வெளியாளு யாராவது வந்தாங்களா?” என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார்கள். மறைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். அவர்கள் மறைக்கவில்லை. நான் வெளியாள் இல்லையே. பதினோரு ஆண்டுகள் பேட்டி எடுத்தவனுக்கு, கேள்வி தப்பாக இருந்தால் சரியான பதில்கூட உதவாது என்பது உறைக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை கடலூரில் ஆய்வுக் கூட்டம். மேடம் நடுவில். நிலையங்களிலிருந்து வந்த நர்ஸ்கள் எதிரில், பாதிப்பேர் இருமிக்கொண்டு. பதிவேடுகளையெல்லாம் எடுத்துவரச் சொல்லி நானே சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன், கையெழுத்து திருந்தியிருக்கிறதா என்று பார்க்க. என் ரெனியூவல் கோப்பு மேடத்தின் இடதுகைப் பக்கம், நீல அட்டையில் இருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினேன்.

மேப்பைக் காட்டினேன். அம்புக்குறியைக் காட்டினேன். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பத்து மாதத்தில் அவர் எனக்காகச் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

“நல்லா இருக்கு. ஸ்டாஃப் கிளஸ்டர், ஊழியருங்களுக்கே கூட்டா வந்திருக்குன்னு நீங்கதான் மொதல்ல கவனிச்சிருக்கீங்க. அப்ப ஒரே ஆளுதான்னு சொல்றீங்களா?”

“ஒரே ஆளுதான் மேடம். ஆம்பள. ஏறக்குறைய நாப்பது வயசு. பஸ்ஸுல போறவன். வாய் ஜாஸ்தி. தனக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சும் பொறுப்பில்லாம சுத்தியிருக்கான். ஒரு வாரம் டைம் குடுங்க, ஆளைக் கொண்டுவந்து நிறுத்துறேன்.”

பின்வரிசையில் ஃபரிதா எழுந்தார். இன்னும் குரல் கட்டியிருந்தது.

“மேடம், ஒரு வாரம் வேணாம். ஆளு இங்கதான் இருக்காரு.”

மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் ஆர்வமாகத் திரும்பிப் பார்த்தேன். (இதை எழுதும்போது என்மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.)

ஃபரிதா பார்வையாளர் பதிவேட்டை மேடத்தின் முன்னால் விரித்தார். “எங்க சென்டருக்கு அந்த வாரம் புதன்கிழமை வந்தது இவுரு ஒருத்தருதான். மத்தவங்க பதிவேட்டையும் பாருங்க மேடம். திங்க, செவ்வா, வியாழன். கையெழுத்து தெளிவா இருக்கும். அது ஒண்ணும் குறை சொல்ல முடியாது.”

மற்ற மூன்று பதிவேடுகளும் மேசைக்கு வந்தன. மேடம் என் மேப்பில் இருந்த தேதிகளையும் என் கையெழுத்துக்களையும் மாறிமாறிப் பார்த்தார். அவசரமே படவில்லை.

“அந்த வாரம் உங்களுக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?”

“கொஞ்சம் அலைச்சல் மேடம்.”

“காய்ச்சல்?”

“சூடு மாதிரி. மாத்திரை போட்டதும் எறங்கிடுச்சு.”

“இருமல்?”

“தொண்டை கமறல்.”

ஃபரிதா விடவில்லை. “நான் அப்படி எழுதியிருந்தா சிவப்பு மையில அடிச்சிருப்பீங்க சார். அன்னிக்கு எச்சியத் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைப் பொரட்டிட்டு, ‘நீ எழுதும்மா’ன்னு அதே பேனாவை என் கையில குடுத்தீங்க.”

மண்டபம் சிரித்தது. இருமுகிறவர்கள் சிரித்தால் இரண்டும் கலந்து ஒரு சத்தம் வரும். அதை நான் இன்றும் மறக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் ஃபரிதா உட்காரப் போனவர் நின்றார்.

“எனக்கு அஞ்சு நாள்ல போயிடுச்சு மேடம். எங்க மாமியாருக்கு எழுபது வயசு. என்கிட்டேருந்து அவுங்களுக்கு வந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம். முந்தாநேத்துதான் வீட்டுக்கு வந்தாங்க.”

இந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் போட என்னிடம் எதுவும் இல்லை. “மன்னிச்சிடுங்கம்மா” என்றேன். ஃபரிதா தலையை ஆட்டினார். மன்னித்ததாக எடுத்துக்கொள்ள முடியாத ஆட்டல்.

செய்துகாட்டுவதற்காக எடுத்துவந்திருந்த பஞ்சுக்குச்சியாலேயே அங்கே என் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். ஃபரிதாதான் எடுத்தார். முறைப்படி எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அவ்வளவு ஆழம் போனது. ஒரு மில்லிமீட்டர்கூடச் சலுகை கிடையாது.

ஊழியர்கள் படுத்தபோதே அவர்களிடம் எடுத்திருந்த மாதிரிகளோடு சேர்த்து, நான்கு நாளில் ஆய்வக முடிவு வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் இன்ஃபுளுவென்சா, ஒரே வகை. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

“மேடம், எனக்கு நெகட்டிவ்!”

அவர் நிமிரவில்லை. “ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா அப்படித்தான் வரும். இருந்ததையெல்லாம் குடுத்து முடிச்சிட்டீங்க.”

நீல அட்டைக் கோப்பு மேசைமேல் இருந்தது. செய்தி ஆசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது. வணக்கம் சொல்லிக்கொண்டு நான் மறுபடியும் அந்தப் படியேறுவதை அவர் எப்படி ரசிப்பார் என்பதும் தெரிந்தது.

“நான் கெளம்பிடட்டுமா மேடம்?”

“எங்க? உங்க தேதி சரி. மேப் சரி. எந்த மாதிரி ஆளுன்னு எழுதினதுகூட அவ்வளவும் சரி. இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு சரியா வேலை பாக்க வேற யாரும் வரமாட்டாங்க.” கையெழுத்துப் போட்டார். “ரெண்டு கண்டிஷன். காய்ச்சல் வந்தா லீவு போடணும். அப்புறம், அந்த மேப்பை டிரெய்னிங்குக்கு வச்சுக்கப் போறேன்.”

செய்தி என்னைவிட வேகமாக ஊர் சேர்ந்தது. பண்ருட்டியில் முந்திரிக் கடை வைத்திருக்கும் செல்வியின் தம்பி அன்றே போன் செய்தான். “மாமா, பண்ருட்டிப் பக்கம் எப்ப டூரு? முன்னாடியே சொல்லிடுங்க, கடைப் பசங்களுக்கு லீவு விட்ருவேன்.” இன்றுவரை அந்த வீட்டில் நான் தும்மினால் யாராவது ஒருவர் எழுந்து தேதி குறித்துக்கொள்வதுபோல் காலண்டர் பக்கம் போகிறார்கள். நான் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் அதற்கும் சேர்த்துச் சிரிக்கிறார்கள்.

மேடமும் சொன்னபடி செய்தார். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி நடக்கும். அதில் என் மேப் ஒரு ஸ்லைடு. பெயர் இல்லை, ‘நபர் 1’ என்று மட்டும் இருக்கும். புரொஜக்டரை இயக்குவது நான். போன தடவை முன்வரிசையில் இருந்த ஒரு பெண், திருவதிகைக்காரர், ஸ்லைடைக் கவனமாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பிறகு கையைத் தூக்கினார்.

“சார், இந்த ஆளை அப்பவே வேலையவிட்டுத் தூக்கிட்டாங்கதானே?”

“இல்லம்மா. ரெனியூ பண்ணிட்டாங்க.”

அவர் நோட்டை மூடிவைத்தார்.

“அப்ப யாராவது பெரிய எடத்து ஆளா இருந்திருப்பான் சார்” என்றார்.

நான் அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.